ஓங்கி அடித்தால் போதுமா? வழி பார்த்து அடிக்க வேண்டும்!

கோலைக் காப்பது அவர் வேலை. ஆனால், ஒரே பருவத்தில் அவர் போட்ட கோல்கள் 30!

அவர் பெயர் கேல் மக்கார். கனடா நாட்டுக்காரர். அமெரிக்காவின் கொலராடோ அவலாஞ்ச் அணிக்காக ஐஸ் ஹாக்கி ஆடியவர். 2024-25 ஆம் ஆண்டுப் போட்டியில் இந்த 30 கோல்களைப் போட்டார். அந்தப் பருவத்தின் சிறந்த தடுப்பு ஆட்டக்காரர் என்ற பரிசும் அவருக்கே கிடைத்தது.

அவருக்கு முன்பு இப்படி 30 கோல் போட்ட தடுப்பு ஆட்டக்காரர் யார்? வாஷிங்டன் அணியின் மைக் கிரீன். அவர் 31 கோல் போட்டது 2008-09 ஆம் ஆண்டில். இடையில் எத்தனையோ பலசாலிகள் வந்தார்கள். ஒருவராலும் 30-ஐத் தொட முடியவில்லை.

ஏன் முடியவில்லை? கையில் வலு இல்லையா? வலு இருந்தது. வழிதான் அடைபட்டு இருந்தது.

நீலக்கோடு என்றால் என்ன?

ஐஸ் ஹாக்கி, பனிக்கட்டித் தரையில் ஆடும் ஆட்டம். நம் நாட்டில் லடாக் பகுதியில் இதை ஆடுகிறார்கள். அடியில் கத்தி பொருத்திய பூட்ஸ் அணிந்து, சறுக்கிக்கொண்டே ஆட வேண்டும். பந்து கிடையாது. அதற்குப் பதில் ஒரு ரப்பர் வட்டு. குறுக்களவு 3 அங்குலம். கனம் 1 அங்குலம். பார்ப்பதற்குப் பெரிய கேரம் காய் போல இருக்கும்.

ஒரு பக்கத்துக்கு 6 பேர். கோல் கீப்பர் ஒருவர். தடுப்பு ஆட்டக்காரர் இருவர். முன்னணி ஆட்டக்காரர் மூவர்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் பெரிய போட்டிக்கு என்.எச்.எல். என்று பெயர். அதில் ஆடுகளத்தின் நீளம் 200 அடி. அகலம் 85 அடி. கோலின் அகலம் 6 அடி. உயரம் 4 அடி. கோலில் இருந்து 64 அடி தூரத்தில், ஆடுகளத்தின் குறுக்கே ஒரு நீலக்கோடு போட்டிருப்பார்கள்.

ஓர் அணி தாக்கும்போது அதன் முன்னணி ஆட்டக்காரர்கள் கோல் அருகே நெருங்கி நிற்பார்கள். தடுப்பு ஆட்டக்காரர்கள் இருவரும் நீலக்கோட்டை ஒட்டி நிற்பார்கள். வட்டு கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டால், தாக்கும் அணியினர் எல்லோரும் வெளியே வந்துதான் திரும்ப நுழைய வேண்டும். ஆகவே, தடுப்பு ஆட்டக்காரர் அந்த இடத்துக்கு வாசல் காவலர். அங்கிருந்து கோலை நோக்கி அடிப்பதும் அவர் வேலை.

கொட்டகைச் சுவரில் கற்ற வித்தை

நீலக்கோட்டு அடி என்றதும் கனடாக்காரர்கள் சொல்லும் பெயர், அல் மக்கினிஸ். நோவாஸ்கோஷியா மாநிலத்தில் போர்ட் ஹூட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தந்தைக்கு ஐஸ் ஹாக்கி அரங்கில் வேலை. சிறுவன் மக்கினிஸ் அங்கே பழைய வட்டுகளைச் சேர்த்து வைப்பான். கோடை வந்ததும் வீட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு பலகையைச் சாத்துவான். அதைப் பார்த்து அடித்துக்கொண்டே இருப்பான்.

அந்தப் பழக்கம் வீண் போகவில்லை. 1984-ல் கால்கரி அணிக்காக அவர் அடித்த ஓர் அடியில், எதிரணிக் கோல் கீப்பரின் முகக்கவசம் பிளந்தது. வட்டு கோலுக்குள் விழுந்தது! வேகமாக அடிப்பவர் யார் என்று பார்க்கும் பந்தயத்தில் மக்கினிஸ் 7 முறை வென்றார். என்.எச்.எல். போட்டிகளில் மொத்தம் 340 கோல் போட்டார்.

இந்தக் கதையைக் கேட்ட சிறுவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஓங்கி அடி! ஓங்கி அடி!" என்றுதான் நினைப்பார்கள். அங்கேதான் கோளாறு.

108.8 மைல் வேகம்!

2012-ல் சிடெனோ சாரா என்ற வீரர் ஒரு சாதனை செய்தார். அவர் 6 அடி 9 அங்குல உயரம். நட்சத்திர ஆட்டக்காரர்களின் பந்தயத்தில் அவர் அடித்த வட்டு மணிக்கு 108.8 மைல் வேகத்தில் பறந்தது.

ஆனால், அந்தப் பந்தயத்தில் கோல் காலியாக இருக்கும். குறுக்கே விழ எவரும் இல்லை. கையில் இருந்து வட்டைப் பறிக்கவும் எவரும் வருவதில்லை.

உண்மையான ஆட்டம் வேறு. மட்டையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி ஓங்கும்போதே எதிராளி புரிந்துகொள்கிறான். சறுக்கி வந்து மண்டியிடுகிறான். கால், மார்பு, கை எல்லாவற்றையும் வட்டின் பாதையில் கொடுக்கிறான். அடி பட்டு எலும்பு முறிந்தவர்களும் உண்டு. அப்படியும் விடுவதில்லை.

வட்டு அவன் காலில் பட்டுத் தெறித்தால் என்ன ஆகும்? அடித்தவர் மட்டையை வீசிய வேகத்தில் நிலை தடுமாறி நிற்பார். அவருக்குப் பின்னால் கோல் கீப்பரைத் தவிர எவரும் இல்லை. எதிராளி வட்டைத் தள்ளிக்கொண்டு பறப்பான். கோல் போடப் போன அணி கோல் வாங்கிக்கொண்டு திரும்பும்!

சரி, வட்டு தடைபடாமல் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். 100 மைல் வேகத்தில் போனாலும் 64 அடியைக் கடக்க அரை வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். நல்ல கோல் கீப்பர் வட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் பெரும்பாலும் பிடித்துவிடுவார். ஆகவே அவர் பார்க்காதபடி அடிக்க வேண்டும்.

மக்கார் செய்யும் தந்திரம்

மக்காரின் பலம் காலில் இருக்கிறது. வட்டை வாங்கியதும் அவர் நின்ற இடத்தில் நிற்பதில்லை. நீலக்கோட்டின் ஓரமாகவே சறுக்கிப் போகிறார். அடிப்பது போல் தோளை அசைக்கிறார். எதிராளி ஏமாந்து ஒரு பக்கம் சாய்கிறான். மறு பக்கம் வழி திறக்கிறது. அந்த நொடியில் மணிக்கட்டால் சுண்டி விடுகிறார்.

இன்னும் நல்ல வழி கிடைத்தால் கோட்டிலேயே நிற்காமல் உள்ளே நுழைந்துவிடுகிறார். 64 அடி 40 அடியாகக் குறைகிறது. அவருடைய 30 கோல்களும் நீலக்கோட்டில் இருந்தே வந்தவை அல்ல. அந்தக் கோட்டில் எதிராளியை ஏமாற்றத் தெரிந்ததால் வந்தவை பல.

மட்டையைத் தரையில் வைத்தபடியே சுண்டும் அடியில் வேகம் குறைவு. ஆனால் அது கிளம்பும் நேரம் எவருக்கும் தெரியாது.

கற்க வேண்டியவை நான்கு

முதலாவது, தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். வட்டையே பார்த்துக்கொண்டு அடிப்பவருக்கு வழி தெரியாது.

இரண்டாவது, அடிக்கும் முன் இரண்டு அடியாவது பக்கவாட்டில் நகர வேண்டும். வழி தானாக வராது. கால்தான் அதைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது, ஓங்குவதைக் குறைக்க வேண்டும். முழங்காலை மடக்கி, பின்காலில் இருக்கும் உடல் பாரத்தை முன்காலுக்கு மாற்றினால், குறுகிய வீச்சிலும் வேகம் பிறக்கும்.

நான்காவது, தாழ்வாக அடிக்க வேண்டும். வட்டு முழங்கால் உயரத்துக்குள் போனால், கோல் அருகே நிற்கும் கூட்டாளி மட்டையால் தொட்டுத் திசை திருப்பலாம். கோல் கீப்பர் மேல் பட்டுத் தெறித்தால், அதைத் தட்டிக் கோலாக்கலாம்.

சுவீடன் நாட்டு வீரர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் இதில் மகா கெட்டிக்காரர். வழி இல்லை என்றால் வேண்டும் என்றே கோலுக்கு வெளியே அடிப்பார். வட்டு பின்சுவரில் மோதித் திரும்பிக் கூட்டாளியின் காலடியில் விழும்! ஆனால், வழி கிடைத்தபோது அவர் ஓங்கி அடிக்கவும் தயங்கவில்லை. 2006 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தின் மூன்றாம் பகுதி தொடங்கிப் பத்தே வினாடி. நீலக்கோட்டை அடுத்து நின்று ஓங்கி அடித்தார். கோல்! பின்லாந்தை 3-2 என்று வென்று, சுவீடன் தங்கம் பெற்றது.

மட்டையின் மேல் பழி வேண்டாம்

பிள்ளையின் அடி சரியில்லை என்றால், விலை உயர்ந்த மட்டை வாங்கித் தரும் பெற்றோர் உண்டு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? பெரியவர்களின் முரட்டு மட்டை சிறுவன் கையில் வளையாது. வளையாத மட்டையில் விசை பிறக்காது. அவன் எடைக்கு ஏற்ற, வளைந்து கொடுக்கும் மட்டையே நல்லது.

பயிற்சியிலும் மாற்றம் வேண்டும். காலிக் கோலில் நூறு முறை அடித்தால் கைக்குப் பலம் வரும். கண்ணுக்குப் பழக்கம் வராது. எதிரே ஒருவரை நிறுத்தி வைத்து, அவரைத் தாண்டி வட்டை அனுப்பப் பழக வேண்டும். எத்தனை மைல் வேகம் என்று கேட்பதை விட்டு, பத்தில் எத்தனை கோல் வரை போய்ச் சேர்ந்தது என்று எண்ண வேண்டும்.

கொட்டகைச் சுவர் மக்கினிசுக்குப் பலத்தைக் கற்றுக்கொடுத்தது. ஆனால், சுவர் குறுக்கே வந்து விழாது. மனிதன் விழுவான். அவனைத் தாண்டத் தெரிந்தவரே இன்று கோல் போடுகிறார்.