ஓடுகாலி என்று எழுதும் கை

அமெரிக்காவின் 1974 சிறார் நீதிச் சட்டம் மாநிலங்களுக்குத் தெளிவாகச் சொன்னது: நிதி வேண்டுமானால், பள்ளிக்குப் போகாததற்கும் வீட்டைவிட்டு ஓடியதற்கும் பிள்ளைகளைப் பூட்டிவைக்காதீர்கள். 1980இல் அதே சட்டத்தில் ஓட்டை போட்டார்கள். "ஓடாதே" என்று நீதிபதி உத்தரவிட்ட பிறகும் ஒருத்தி ஓடினால், உத்தரவை மீறினாள் என்று அடைக்கலாம். 2018 திருத்தமும் ஓட்டையை மூடவில்லை. ஏழு நாள் வரம்பு மட்டும் வைத்தது.

வெள்ளைச் சிறுமி எதிர்த்துப் பேசினால் வயசுக் கோளாறு; கறுப்பினச் சிறுமி பேசினால் திமிர். பாலியல் கொடுமைக்குத் தப்பி ஓடியவளும் கோப்பில் ஓடுகாலிதான். இந்தச் சொல் நமக்குப் புதிதா, தோழியரே?

"அவள் பாதுகாப்புக்காகத்தான்" என்பார்கள். நான் நம்பவில்லை. ஐந்து வயதிலிருந்தே கறுப்பினச் சிறுமிகளுக்குப் பாதுகாப்பு அவ்வளவாகத் தேவையில்லை என்று பெரியவர்கள் நினைப்பதை ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரி ஆய்வு 2017இல் காட்டியது. அரவணைக்கும்போது தேவைப்படாத பாதுகாப்பு, பூட்டும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

அடைபடுவோரில் உள்ள இன ஏற்றத்தாழ்வைக் கவனியுங்கள் என்று 1988லேயே சட்டம் சொல்லிவிட்டது. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் கழிந்தும், கறுப்பினச் சிறார் அடைபடும் விகிதம் வெள்ளையரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அதிகாரிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தி இது தீராது. குற்றமே செய்யாதவளை அடைக்கும் அதிகாரத்தை அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டும். ஓடிவந்தவளுக்குத் தேவை ஓர் அறை. அதன் தாழ்ப்பாள் உட்பக்கம் இருக்க வேண்டும்.