மின்னுவதெல்லாம் நல்ல படமா?

1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அந்நாளில் தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தாலே அதிசயம் என்பார் எங்கள் பாட்டி. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியபின் ஏழை வீட்டிலும் அது குடிபுகுந்தது. இன்றோ அது மெல்லிய பலகையாகிச் சுவரில் ஏறிவிட்டது. ஆனால் அதில் தெரியும் படம் நல்ல படமா என்று ஆராய்ந்து வாங்குபவர் எத்தனை பேர்?

இக்கேள்வி எங்களுக்கு எழுந்த விதத்தைச் சொல்கிறோம். சென்ற ஆண்டு, பல மாதச் சேமிப்பைக் கொண்டு புதிய தொலைக்காட்சி ஒன்று வாங்கினோம். கடையில் அது பளபளவென்று மின்னியது. பள்ளிக்கரணைக்குக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் உயர மாட்டினோம். அன்றிரவு பாயில் அமர்ந்து பார்த்த பாட்டி, "என்னடி இது, எல்லார் முகத்திலும் சாம்பல் பூசியிருக்கு?" என்றார். எழுந்து நின்று பார்த்தால் படம் நன்றாகவே இருந்தது! தாம்பரத்திலுள்ள பெரியம்மா வீட்டுப் பழைய பிளாஸ்மாவில் பாட்டிக்கு இக்குறை தோன்றியதே இல்லை. காரணம் என்ன?

பிளாஸ்மாத் திரையில் இலட்சக்கணக்கான நுண்ணிய அறைகள் உண்டு. அவற்றுள் நியான், செனான் வாயுக்கள் உள்ளன. மின்சாரம் பாய்ந்ததும் புற ஊதாக்கதிர் எழுந்து, அறைச் சுவரிலுள்ள பாஸ்பரை ஒளிரச் செய்கிறது. ஒவ்வொரு புள்ளியும் தானே விளக்கு. இருள் வேண்டிய இடத்தில் அவ்விளக்கு ஏறக்குறைய அணைந்துவிடும். ஆகவே இரவுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஓடும் பந்தும் மங்காது.

எல்.சி.டி.யிலோ திரவப் படிகங்கள் தாமே ஒளி தருவதில்லை. பின்னால் எரியும் விளக்கின் ஒளியை அவை சன்னல் கதவுபோல் திறந்தும் மூடியும் விடுகின்றன. மூடிய கதவின் இடுக்கிலும் சிறிது ஒளி கசிவதால் கறுப்பு சாம்பல் நிறமாகிறது. பல திரைகளில், கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ நோக்கினால் நிறம் வெளுக்கிறது. இன்று எல்.இ.டி. என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை எல்.சி.டி.யே, பின்விளக்கு மட்டுமே மாறியிருக்கிறது.

அப்படியானால் பிளாஸ்மா ஏன் மறைந்தது? அது கனமானது, மின்சாரத்தையும் மிகுதியாக உண்டது. அசையாத படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் திரையில் படிந்துவிடும். வெளிச்சமான அறையில் எல்.சி.டி.யே பளிச்சென்று தெரிந்தது. கடைகளோ வெளிச்சமானவை அல்லவா? 2013, 2014-ஆம் ஆண்டுகளில் பானசோனிக், சாம்சங், எல்.ஜி. நிறுவனங்கள் பிளாஸ்மாத் தயாரிப்பை அடுத்தடுத்துக் கைவிட்டன. புள்ளிதோறும் தானே ஒளிரும் முறை இன்று ஓ.எல்.இ.டி.யில் திரும்பியுள்ளது, விலைதான் அதிகம்.

பகலில் சன்னலைத் திறந்துவைத்துப் பார்க்கும் வீட்டுக்கு எல்.சி.டி. ஏற்றதே. எனவே எல்லோருக்கும் பொதுவான சிறந்த படம் என்று ஒன்றில்லை. பார்க்கும் இடத்தையும் பார்ப்பவரையும் பொறுத்தே தரம் அமைகிறது என்பது எமது கருத்து. நாம் கடையில் நின்று பார்க்கிறோம். வீட்டில் பாயில் அமர்ந்து பார்க்கிறோம். வாங்குமுன் ஓர் இருண்ட காட்சியைப் போடச் சொல்லுங்கள். குனிந்தும் விலகியும் பாருங்கள். கடைக்கென்று கூட்டி வைத்த பிரகாசத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அவசரப்பட்டு வாங்கியது விரைவில் குப்பையாகும். பழைய எல்.சி.டி.க்கள் பலவற்றின் பின்விளக்கில் பாதரசம் உண்டு. 2022-இல் ராம்சார் தகுதி பெற்ற சதுப்பு நிலத்தை அருகில் கொண்ட நாம் இதனை மறக்கலாகாது.

எங்கள் வீட்டில் இப்போது தொலைக்காட்சியைத் தாழ இறக்கி, சற்றே முன்சாய்த்து மாட்டியுள்ளோம். பாட்டியின் கண் மட்டத்துக்கு வந்ததும் முகங்களின் சாம்பல் பெருமளவு நீங்கியது. வாங்குமுன் பாட்டியையும் கடைக்கு அழைத்துச் சென்றிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது!

– பத்தாம் வகுப்பு மாணவி