கழுகைக் காத்தது யார்?

பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏறியவர்கள், சுத்தம் செய்துவிட்டு இறங்கியதாகச் சரித்திரமே கிடையாது. போன மாதம் வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டுப் பரணில் ஏறிய எனக்கும் அதே கதிதான். தேடிப் போனது பித்தளைக் குத்துவிளக்கு. கிடைத்தது என்ன தெரியுமா? அம்மாவின் பழைய சேலைத் துண்டில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த ஒரு டிவி கேம் பெட்டி! கூடவே இரண்டு ரிமோட், ஒரு மஞ்சள் நிறக் கேசட்.

குத்துவிளக்காவது, சுத்தமாவது! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

1998-ம் வருஷத் தீபாவளிப் போனஸில் அப்பா அதை வாங்கி வந்தார். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் அவருக்கு வேலை. விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் நடந்து வந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. நானும் அக்காவும் தெருக்கோடிக்கே ஓடினோம். அம்மா மட்டும் வாசலோடு நின்றுவிட்டாள். அந்தப் போனஸை நம்பி, அடகுக் கடையில் அவளுடைய கம்மல் காத்துக் கொண்டிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் ஃபாமிகாம் என்ற யந்திரத்தை வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்த நகல்கள்தாம் நம் ஊர்க் கடைகளில் டிவி கேம் என்று விலைபோயின. கேசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு தேறும். மற்றதெல்லாம் அதே விளையாட்டு, வேறு நம்பர்! கேசட் மக்கர் செய்தால் எடுத்து ஒரு ஊது ஊதுவோம். அது என்ன வைத்தியமோ, எங்களுக்கு அதில் அபார நம்பிக்கை.

அந்தப் பத்துப் பன்னிரண்டில் எங்களைப் பைத்தியமாக அடித்தது டாங்கி யுத்தம். நாம்கோ கம்பெனி 1985-ல் வெளியிட்ட 'பாட்டில் சிட்டி' என்பது அதன் முழுப் பெயர்.

"என்னலே விளையாட்டு அது?" என்று கேட்டாள் ஆச்சி.

"டேங்க், ஆச்சி!"

"டேங்க்கா? தண்ணி எங்கலே?"

விழுந்து விழுந்து சிரித்தோம். ஆச்சி கேட்டதில் நியாயம் இருந்தது என்று தெரிய எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷார் இந்த இரும்பு வண்டியை ரகசியமாகச் செய்தார்கள். விஷயம் வெளியே கசியாதிருக்க, 'இது தண்ணீர்த் தொட்டி' என்று சொல்லி வைத்தார்களாம். 1916 செப்டம்பரில் அது பிரான்ஸின் போர்க்களத்தில் இறங்கிய பிறகும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சென்னைக்குப் பக்கத்தில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்தபோதும், அந்தத் தண்ணீர்த் தொட்டிப் பெயர்தான் கூடவே வந்தது. ஆச்சி இருந்தால் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

விளையாட்டு இதுதான். திரையின் அடியில், செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும். மேலேயிருந்து எதிரி டாங்கிகள் ஒவ்வொரு கட்டத்துக்கும் இருபது வரும். எல்லாவற்றையும் அடித்து நொறுக்க வேண்டும். நமக்கு எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும் சரி, கழுகின் மேல் ஒரு குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது. அந்தக் குண்டு எதிரியுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம்முடைய குண்டு பட்டாலும் அதே கதிதான்!

மஞ்சள் டாங்கி எனக்கு, பச்சை அக்காவுக்கு. நான் ஆட்டம் ஆரம்பித்ததும் மேலே பாய்ந்துவிடுவேன். நட்சத்திரம் மின்னினால் எனக்கு; எதிரிகளை உறைய வைக்கும் கடிகாரம் வந்தால் அதுவும் எனக்கு. அக்கா மட்டும் கழுகை விட்டு நகரமாட்டாள். "பயந்தாங்கொள்ளி" என்று அவளைப் பரிகாசம் செய்வேன். போதாக்குறைக்கு, நம் குண்டு கூட்டாளி மேல் பட்டால் அவர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடுவார். எத்தனை முறை வேண்டுமென்றே அவளைச் சுட்டு நிற்க வைத்தேன்! அப்படியும் அவள் இடத்தை விட்டுப் போனதில்லை. முப்பத்தைந்து கட்டங்களையும் முடித்த அன்று, 'நான் ஜெயித்துவிட்டேன்' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடியவன் நான்.

பரணிலிருந்து இறங்கி அம்மாவிடம் பெட்டியைக் காட்டினேன். நாலு வருஷமாக அவளுக்குக் கட்டிலே உலகம்.

"உங்கப்பா ஆசையா வாங்கின சாமான். எறிய மனசு வருமா?" என்றாள்.

பெட்டி ஓடவில்லை. அக்கா மகன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு புதுப் பெட்டியைக் கொண்டு வந்து மாட்டினான். பழைய விளையாட்டுகளெல்லாம் அதில் அடக்கமாம். அதே செங்கல், அதே கழுகு! அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பச்சை டாங்கி தானாகவே கழுகுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

எனக்குச் சுருக்கென்றது. நான் சென்னையில் பத்திரிகை, பேட்டி, பிரயாணம் என்று பாய்ந்து கொண்டிருக்கிறேன். அத்தானையும் பிள்ளையையும் இந்த வீட்டுக்கே கூட்டி வந்து, அம்மாவை விட்டு நாலு வருஷமாக நகராமல் நிற்பவள் அக்கா. வருஷத்துக்கு இரண்டு முறை பால்கோவாவுக்கு ஆசைப்பட்டு வருகிற என்னை, 'தங்கமான பிள்ளை' என்று ஊர் மெச்சுகிறது!

"அக்கா, இன்னிக்கு நீ மேலே போ. கழுகை நான் பாத்துக்கிறேன்."

தயங்கினாள். பிறகு போனாள். போனாள் என்றா சொன்னேன்? சூறாவளி போலப் போனாள்! ஒன்று, இரண்டு, ஐந்து என்று எதிரிகள் சிதறினார்கள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நான், பக்கவாட்டில் வந்த ஒருவனைக் கண்டு பதறித் திரும்பி ஒரு குண்டு போட்டேன். எதிரி தப்பிவிட்டான். கழுகு தப்பவில்லை.

"ஏலே, காவல் காக்குறது அவ்வளவு லேசுன்னு நெனைச்சியா?" என்று அக்கா சிரித்தாள். கட்டிலிலிருந்து அம்மாவும் சிரித்தாள்.

அடுத்த மாதம் பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்காவும் அத்தானும் பிள்ளையோடு கன்னியாகுமரிப் பக்கம் போய் வரட்டும். அம்மாவுக்கு நான் காவல். எந்த வேளைக்கு எந்த மாத்திரை, கஞ்சி எந்தப் பதம், எந்தப் பக்கம் தலையணை என்று நாலு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாள் அக்கா. கடைசி வரி இது:

"கழுகைப் பார்த்துச் சுடாதே."