பேர் வெட்டுமுன் வாய் திறப்போம்



தோட்டங்களில் பெரட்டுக்கு வரும் கூட்டம் மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறது. ஒரு பிள்ளை கொழும்பில் கடைக்குப் போகிறது. இன்னொன்று ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறது. ஒரு தாய் பிள்ளைகளை அம்மாயியிடம் விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். போகிறவர்களை நாம் குறை சொல்லப் போவதில்லை. பிடிக்காத வேலையை விடுவது தொழிலாளியின் உரிமை. நாம் பேச வந்தது அவர்கள் போகும் விதத்தைப் பற்றி.

பெரும்பாலானோர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறார்கள். சம்பளம் வாங்கிய அடுத்த நாள் விடியற்காலையில் பஸ் ஏறிவிடுகிறார்கள். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால் பதில் இல்லை. கொஞ்ச நாள் கழித்து செக்ரோலில் அந்தப் பேருக்கு மேல் ஒரு கோடு விழுகிறது. அவ்வளவுதான். பத்து, பதினைந்து வருட உழைப்பு அந்தக் கோட்டோடு முடிந்துபோகிறது.

ஏன் போனார்கள் என்று பக்கத்துக் காம்பராவில் கேட்டுப் பாருங்கள். விடிய விடியச் சொல்வார்கள். நிறுவையில் தினமும் கழிவு. ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர். வயசுக்கு மூத்த பொம்பளைகளைக் கங்காணி வாடி போடி என்று பேசுவது. மருந்தடிக்கக் கையுறை இல்லை. மலையில் ஒதுங்க இடமில்லை. லயம் முழுக்கத் தெரிந்த இந்தக் குறைகள் துரைக்கு மட்டும் தெரியாது. தெரிந்திருந்தாலும், "எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்று சொல்ல அவருக்கு வசதியாக இருக்கிறது.

பேச்சுவார்த்தைக்குப் போய் உட்காரும்போது நாங்கள் கேட்கும் பதிலும் இதுதான். "எங்கள் தோட்டத்தில் ஒரு முறைப்பாடும் கிடையாது. உங்கள் ஆட்களுக்கு மலை வேலை பிடிக்கவில்லை. இளசுகளுக்குக் கொழும்பு மோகம்." நாம் வாய் மூடிப் போனதால், நம்முடைய காரணத்தையும் நிர்வாகமே எழுதிக்கொள்கிறது.

நம் வாய் சும்மா மூடிக்கொள்ளவில்லை. மூடவைத்த கதை நீளமானது. 1865ஆம் ஆண்டின் தொழில் ஒப்பந்தச் சட்டப்படி, முறையாக அறிவிக்காமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போடலாம். அதற்கு மேல் துண்டு முறை இருந்தது. கங்காணியின் கணக்கில் உள்ள கடனை யாராவது கட்டினால்தான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியும். கடனையும் ஆளையும் சேர்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார்கள். 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. 1935இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் வாய் திறப்பது சுலபமாகிவிடவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நின்றவர்கள் மேல் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் உயிரை விட்டார்.

அன்று போனால் ஜெயில், பேசினால் குண்டு. இன்று வேலையை விட்டதற்காக யாரையும் சிறையில் போட முடியாது. குறை சொல்லவும் சங்கம் வைக்கவும் நமக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனாலும் "துரைகிட்ட வாய் கொடுக்காதே" என்ற பேச்சு மட்டும் தாத்தாவிடமிருந்து பேரன் வரைக்கும் வந்துகொண்டிருக்கிறது.

பயம் இல்லை என்று சொல்ல மாட்டோம். குறை சொன்னவருக்கு அடுத்த நாள் தூரத்து மலை, செங்குத்தான நிரை. இருக்கும் காம்பராவும் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. இதெல்லாம் நமக்குத் தெரியும். அதனால்தான் தனியாகப் போய்ப் பேச வேண்டாம் என்கிறோம். பேசாமல் இருப்பதற்கு அது காரணமாகிவிடக் கூடாது.

எப்படிப் பேசுவது?

முதலாவது, கோபத்தில் பேச வேண்டாம். பெரட்டுக்களத்தில் சண்டை முற்றியதும் "என் பேரை வெட்டிக்கங்க" என்று கத்திவிட்டு வருகிறோம். அந்த ஒரு வாக்கியத்தையே நாமாக விலகிவிட்டோம் என்று நிர்வாகம் எடுத்துக்கொள்ளலாம். அந்த வார்த்தை நம் வாயிலிருந்து சும்மா வரக் கூடாது.

இரண்டாவது, குறையைத் திட்டமாகச் சொல்ல வேண்டும். "எல்லாமே கஷ்டம்" என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "போன செவ்வாய்க்கிழமை மழை இல்லை. அந்தி நிறுவையில் எனக்கு 3 கிலோ கழித்தார்கள்" என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். திகதி, நிறுவை, கழித்த கிலோ, நிறுத்தவரின் பேர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளை எழுதட்டும். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுத நாங்கள் சொல்லித்தருகிறோம். அது பரீட்சைக்கு மட்டும் பயன்பட்டால் போதாது. அம்மாவின் கிலோக் கணக்கை எழுதும் பிள்ளை கணக்கும் படிக்கும், நியாயமும் படிக்கும்.

மூன்றாவது, தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் சொல்லி, அதே குறை உள்ள இரண்டு மூன்று பேர் சேர்ந்து, துரை தொழிலாளரைச் சந்திக்கும் நாளில் ஆபீசுக்குப் போக வேண்டும். மரியாதையாகவும் அழுத்தமாகவும் பேசலாம். "தொரை, எங்களுக்கு இந்த வேலை வேணும். ஆனா இப்பிடிக் கழிச்சா எங்களால நிக்க முடியாது. பதினஞ்சாந் தேதிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க." இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே "போயிடுவோம்" என்று மிரட்டினால், பேச்சு குறையை விட்டு மிரட்டல் பக்கம் போய்விடும்.

நான்காவது, சொன்னதைக் கடிதமாகவும் கொடுக்க வேண்டும். ஒரு பிரதியில் ஆபீசில் பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் வேறு. பெண்களிடம் தவறாக நடக்கும் குறையென்றால், அந்தப் பெண்ணை ஆபீசில் நிறுத்தி எல்லார் முன்னாலும் சொல்ல வைக்கக் கூடாது. முதலில் மாதர் தலைவியிடம் சொல்லலாம். சங்கம் அதை எடுத்துக்கொள்ளும். தேவையானால் பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவுக்கு அவரோடு கூடப் போகும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். எங்கள் பகுதியில் ஒரு டிவிசனில் ஆறு பெண்கள் வேலையை விட்டுவிடுவதாகத் தங்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே குறை, நிறுவையில் கழிவு. மாதர் தலைவி அவர்களைப் பிடித்து நிறுத்தி, நாலு வாரம் கொப்பியில் எழுத வைத்தார். மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் ஒரே கழிவு என்பது அந்தக் கொப்பியில் வெளியே வந்தது. கொப்பியை மேசையில் வைத்ததும் "யாரும் சொல்லவில்லை" என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை. கழிவு முழுதாக நிற்கவில்லை, குறைந்தது. ஆறு பேரில் இரண்டு பேர் எப்படியும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். ஆனால் குறைந்த கழிவின் பலன் அந்த மலையில் கொழுந்தெடுக்கும் எல்லோருக்கும் கிடைத்தது. சொல்லாமல் போயிருந்தால் அவர்கள் விட்டுப்போன இடத்தில் அதே கழிவோடு இன்னொருத்தி நின்றிருப்பாள்.

சொல்லியும் ஒன்றும் மாறவில்லையா? வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டதா? தாராளமாகப் போங்கள். ஆனால் கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்தத் திகதியோடு விலகுகிறோம், ஏன் விலகுகிறோம் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

அந்த இரண்டு வரிக்குப் பெறுமதி உண்டு. சர்வீஸ் காசு என்று நாம் சொல்லும் பணிக்கொடை, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 5 வருடம் முடித்த தொழிலாளிக்கு உரியது. தானாக விலகினாலும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தில் கணக்குப் பார்க்க வேண்டும். 12 வருடம் வேலை செய்தவருக்கு 168 நாள் சம்பளம். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்தால் 226,800 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். எப்போது போனார் என்றே தெரியவில்லை என்று இழுத்தடிக்கத் திகதி இல்லாத விலகல்தான் இடம் கொடுக்கிறது.

சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதமும் நிர்வாகத்திடமிருந்து 12 வீதமும் குறையாமல் போக வேண்டும். சாதாரணமாக அந்தப் பணம் ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும்தான் கைக்கு வரும். அதனால் அங்கத்துவ இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுக் காகிதத்திலோ, வாசித்துக் காட்டாத காகிதத்திலோ கையெழுத்தும் கைநாட்டும் வைக்காதீர்கள்.

இன்னொன்று. வேலை செய்யவே முடியாதபடி நெருக்கி ஒருவரை விலக வைத்தால், அது அவராக விலகியது ஆகாது. தொழில் நியாய சபையில் வேலை நீக்கம் என்றே வழக்குக் கேட்கலாம். அதற்கு வேலை முடிந்த நாளிலிருந்து 6 மாதம்தான் தவணை. அங்கே நமக்குச் சாட்சி என்ன? முன்பே கொடுத்த அந்த முறைப்பாட்டுக் கடிதம்தான்.

தோட்டத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறை கேட்டு வந்தவரை "பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டால், அடுத்த முறை அவர் வரமாட்டார், பஸ்தான் ஏறுவார். கேட்டதைத் திகதி போட்டு எழுதுங்கள். ஆபீசில் சொன்ன பதிலையும் அவருக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆள் குறைந்தால் கொழுந்து காத்திருக்காது, முற்றிவிடும். குறை சொல்ல வரும் தொழிலாளி இன்னும் அந்தத் தோட்டத்தில் நிற்க விரும்புகிறவர். அவரை விரட்டுவது தோட்டத்துக்கே நட்டம்.

எங்கள் பள்ளிக்கூட இடாப்பிலும் இதே மாதிரிக் கோடுகள் விழுகின்றன. படிப்பு ஏறவில்லை, சப்பாத்து இல்லை, யாரோ கேலி செய்தார்கள் என்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் குறையை விழுங்கிக்கொண்டு போவதைப் பார்த்த பிள்ளை வேறு எதைப் பழகும்? தகப்பன் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைவரோடு ஆபீஸ் படியேறுவதைப் பார்க்கும் பிள்ளை வேறு மாதிரி வளரும்.

இந்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு குறையை, திகதியோடு, ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். வேலையை விடும் யோசனையில் இருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். போவதா நிற்பதா என்பது உங்கள் முடிவு. ஏன் என்ற காரணம் மட்டும் நம் கையெழுத்தில் இருக்கட்டும்.