கல்லுக்குப் பின்னால் ஒரு பேர்

காரைக்குடி பக்கம் செட்டிநாட்டு வீடு பார்க்கப் போனால், தேக்கு பர்மா, கண்ணாடி பெல்ஜியம் என்று வரிசையாகச் சொல்வார்கள். தரைக்கு ஊர் பேர்தான்: ஆத்தங்குடிக் கல். அதைப் போட்டவர் பேரை யாரும் சொல்றதில்லை.

எனக்கு அவர் ஓவியர்தான். இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் தகடு, அதுதான் கேன்வாஸ். ஆக்சைடு நிறம் கலந்த சிமெண்ட் கூழை அச்சுக்குள் ஊற்றுகிறார். கைதேர்ந்தவர் அச்சே இல்லாமல் பூ போடுவார். மேலே காய்ந்த சிமெண்ட்-மணல் தூவி, ஈரக் கலவை போட்டு அமுக்கியதும் படம் அடியில் போய்விடும். இறுகி, கண்ணாடி பிரியும்போதுதான் முகம் தெரியும். தப்பு வந்தால் அழிக்க முடியாது. சூளை கிடையாது, தண்ணீரும் வெயிலும்தான். பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

2014-லிருந்து செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டைக் காப்பாத்தணும், சரி. அந்தக் கையை? இதை 'லேபர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த தலைமுறை ஏன் கற்றுக்கொள்ளப் போகிறது?

கல்லின் பின்பக்கம் வெறும் சிமெண்ட்தான். அங்கே அவர் பேரைப் பதிக்கலாம். தரையில் ஒட்டினால் தெரியாதுதான். ஆனால் வாங்குகிறவர் ஒருமுறையாவது திருப்பிப் பார்ப்பார். பில்லில் கடை பேர் இருக்கு. கல்லில் அவர் பேர் போட என்ன செலவாகிவிடும்?