மாத்திரைக் கணக்கும் சுண்ணாம்புக் கணக்கும்

2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் கழிவுநீர் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், வயிற்றெரிச்சலுக்கு அமில முறிவு மாத்திரை எப்படியோ அப்படித்தான் கழிவுநீருக்குச் சுண்ணாம்பு என்றும், போட்டால் அமிலம் முறிந்து நீர் நல்ல நீராகிவிடும் என்றும் ஒரு வாதம் பல்லாண்டுகளாகச் சலிக்காமல் முன்வைக்கப்படுகிறது. உவமையைக் கண்டெடுத்த மேதைகள் அந்த மாத்திரையின் கணக்கையாவது போட்டுப் பார்த்திருக்கலாம்.

வேதிவினைக்கூறு விகிதம், அதாவது வினைபடு பொருள்கள் எந்த எடை விகிதத்தில் ஒன்றையொன்று தீர்க்கின்றன என்னும் கணக்கு, பள்ளியிலேயே கற்பிக்கப்படுவது. அதன்படி 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் கொண்ட மாத்திரை 365 மில்லிகிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை முறிக்கும்; அதற்குமேல் முறிக்காது. முறித்த பிறகும் 220 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு, 90 மில்லிகிராம் நீர் ஆகியவற்றோடு 555 மில்லிகிராம் கால்சியம் குளோரைடு என்னும் உப்பு எஞ்சுகிறது. வேண்டாத உப்பை வெளியேற்ற உடலுக்குச் சிறுநீரகம் உண்டு. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாற்றுக்கு அப்படி எதுவும் இல்லை.

குரோம் ஏற்றுவதற்கு முன் தோலை உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் டிரம்மில் சுழற்றுவதைப் பிக்கிள் என்பர். அந்த அமிலத்தில் 98 கிலோவை முறிக்க 74 கிலோ நீர்த்த சுண்ணாம்பு தேவைப்படுகிறது. படிவது 172 கிலோ ஜிப்சம். இரண்டையும் கூட்டினால், உள்ளே போன எடையில் ஒரு கிலோகூடக் குறையாமல் கசடாக நிற்பது தெரியும். காரத்தன்மை ஏறும்போது குரோமியமும் ஹைட்ராக்சைடாகி அதே கசடில் சேர்கிறது. சுண்ணாம்புக்குப் பதில் 80 கிலோ எரிசோடாவைப் போட்டால் கசடு குறையும், ஆனால் 142 கிலோ சோடியம் சல்பேட் கண்ணுக்குத் தெரியாமல் நீரிலேயே கரைந்து ஓடும். முறிந்துவிட்டதாகச் சொல்லப்படும் பொருளின் எடையை அறிய விரும்புவோர், 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் மாண்டதை நினைத்துப் பார்க்கலாம்.

கழிவுநீர் முழுவதும் அமிலம் என்பதும் பொய். முடி நீக்கும் நீரில் சுண்ணாம்பும் சல்பைடும் ஏற்கெனவே மிகுந்திருக்க, அதில் பிக்கிள் நீரைக் கலந்து நடுநிலை தேடினால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு கிளம்பும். சுண்ணாம்பு மலிவு, மற்றவை கட்டுப்படியாகா என்ற புலம்பலுக்கு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பே போதும்.

பி.எச். 7 காட்டினால் விதி நிறைவேறிவிடும் என்போர், கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு இருப்பதை மறந்தும் சொல்வதில்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க 100 கிலோவுக்குச் சுமார் 40 கிலோ கறியுப்பு தடவப்படுகிறது. அதில் எந்தச் சுண்ணாம்பும் ஒரு கிராமைக்கூடத் தீர்ப்பதில்லை. தோலை நனைப்பதற்கு முன் உதறி எடுக்கும் உப்பு மட்டுமே நீரில் சேராத உப்பு.