தலைப்பாகைதான் ஹெல்மெட்!

பங்குனி பிறந்தால் பல்லாவரத்தில் இரண்டு காட்சிகள் நிச்சயம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஏர்கூலரின் விலை ஏறும். மொட்டை மாடியில் பெயின்ட் டப்பாவோடு ஒரு ஆள் ஏறுவார். மாடிக்கு வெள்ளை அடித்தால் வெயில் திரும்பிப் போய்விடும், கீழே உஷ்ணம் குறையும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒழுகலை அடைக்க வருவதும் இவரேதான்.

தாத்தா காலத்தில் மெட்ராஸ் டெரஸ் போட்டார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். இப்போது டப்பாவைத் திறந்தால் போதும். வேலை சுலபமாகிவிட்டது. விழுவது மட்டும் அப்படியே இருக்கிறது.

நம்மவரைக் கொஞ்சம் கவனியுங்கள். சன்ஷேடு விளிம்பில் நிற்கிறார். காலில் ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா, "பாத்துப்பா... வழுக்கப் போவுது!" என்கிறார். அவர் வாழ்நாளில் பெற்ற பாதுகாப்புப் பயிற்சி மொத்தமும் அந்த மூன்று வார்த்தைதான்.

அமெரிக்காவில் ஏழைகள் வீட்டில் குளிர் புகாமல் அடைத்துத் தர 1976-லிருந்து அரசாங்கத் திட்டமே இருக்கிறது. அங்கே கட்டுமான வேலையில் 6 அடிக்கு மேல் ஏறினாலே விழாமல் தடுக்க ஏற்பாடு வேண்டும். வேலை தருகிறவர் பயிற்சி கொடுத்து, கொடுத்ததாக எழுதியும் வைக்க வேண்டும்.

நம்மிடம் சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. 1996-ல் கட்டுமானத் தொழிலாளர்களுக்காகவே ஒன்று வந்தது. ஆனால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது பொருந்தியது. 2020-ல் நிறைவேறிய தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பத்து மாறவில்லை. பல்லாவரம் மாடியில் இருப்பதோ மேஸ்திரி, அவர் மச்சான், எடுபிடிப் பையன், ஆக மூன்று பேர். புவியீர்ப்பு விசை ஆள் கணக்குப் பார்ப்பதில்லை, சார்!

சொல்லித்தர வேண்டியது ஒரு நாள் பாடம்தான். ஏணி 4 அடி உயர்ந்தால் அதன் கால் சுவரிலிருந்து 1 அடி தள்ளியிருக்கணும். மேல் நுனி தளத்தைத் தாண்டி 3 அடி நீளணும். இரும்பு ஏணியைக் கரன்ட் கம்பி பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் நேராகக் கால் வைத்தால் அப்பளம்தான்; பலகை போட்டு, அதன் மேல்தான் நகரணும். அதைத் துளை போட்டால் பறக்கும் தூசு நுரையீரலுக்கு எமன். தண்ணீர்த் தொட்டிக்குள் நெடி அடிக்கும் பெயின்ட் பூச ஒருத்தரைத் தனியாக இறக்கக் கூடாது. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் தேய்க்காமல், ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவணும், அப்புறம் ஆஸ்பத்திரி. இடுப்புக் கயிறு போதாது. உடம்பு முழுக்கத் தாங்கும் பெல்ட் வேண்டும். அதைத் தூணில் கட்டணும், டி.வி. கம்பத்தில் அல்ல.

வெயிலும் ஒரு விபத்துதான். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடித்தது. நிழலில் வைத்துப் பார்த்த அளவு அது. மொட்டை மாடியில் நிழல் ஏது? காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து, பதினொன்றுக்கு இறங்கச் சொன்னால் பெயின்ட் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

வீட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நல வாரியத்தில் பதிஞ்சிருக்கியாப்பா?" கட்டுமானத் தொழிலாளர்களுக்கான அந்த வாரியம் தமிழ்நாட்டில் 1994-லிருந்து இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். விபத்து நடந்தால் குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்க அந்த அட்டை உதவும். நாம் கேட்பதெல்லாம், "சதுர அடிக்கு எவ்வளவு? கொஞ்சம் குறைச்சுக்கோயேன்!"

குறைக்கிறார். முதலில் குறைவது பெல்ட், அடுத்தது ஏணியைப் பிடித்துக்கொள்ளும் ஆள்.

பெயின்ட் டப்பாவில் இத்தனை வருஷம் காரன்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். அடிக்கிறவருக்கு?